பிசையாதீர்கள், பிசிறுங்கள்: வீட்டிலேயே ஸ்கோன் சுடும் பாடம்



எங்கள் மகளிர் சமையல் வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி பிரியாணியைப் பற்றியதும் அல்ல, இடியாப்பத்தைப் பற்றியதும் அல்ல. அவை நம் சகோதரிகளுக்குக் கைவந்த கலை. "ஸ்கோன் எப்படிச் சுடுவது?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், நிதி திரட்டும் கேக் விற்பனைக்கு வீட்டில் சுட்டது ஏதாவது கொண்டுவரும்படி துண்டுக் காகிதம் வரும். பக்கத்து வீட்டு மூதாட்டி பண்டிகைக்கு ஒரு தட்டு அனுப்புவார். அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நம் மனம் வராது. அப்போது கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் வாங்குவதுதான் நம்மில் பலரின் வழக்கம்.

வகுப்புக்கு வந்த சகோதரி ஒருவர் அப்படி ஓடாமல் தாமே சுட்டுப் பார்த்தார். கல்லைப் போல வந்தது. "பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைந்தேனே, பரோட்டா மாவு மாதிரி பதமாக இருந்ததே!" என்று வருந்தினார். அவர் செய்த தவறு அதுதான். நன்றாக உழைத்ததால்தான் கெட்டது. ஸ்கோன் மாவுக்குப் பரோட்டாக் கை ஆகாது; புட்டுக் கைதான் வேண்டும். இந்தப் பாடம் முழுவதையும் சுருக்கினால் அந்த ஒரு வரிதான். காரணத்தைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாக வந்துவிடும் என்பதால், முதலில் காரணங்களைப் பார்ப்போம்.

ஸ்கோன் எங்கிருந்து வந்தது?

ஸ்கோன் என்பது ரொட்டிக்கும் கேக்குக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பலகாரம். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, இனிப்பு மிகக் குறைவு. இதன் பிறப்பிடம் ஸ்காட்லாந்து. 1513ஆம் ஆண்டில் கவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் எழுதி முடித்த ஒரு மொழிபெயர்ப்பு நூலிலேயே இந்தச் சொல் வருகிறது. அந்தக் காலத்து ஸ்கோன் இன்று நாம் காண்பது போல உயர்ந்து நிற்கவில்லை. ஓட்ஸ் மாவிலோ பார்லி மாவிலோ தட்டையாகத் தட்டி, அடுப்பின் மேல் இரும்புத் தட்டில் போட்டுச் சுட்டார்கள். நம் தோசைக்கல்லைப் போன்றதுதான் அந்தத் தட்டு. பெரிய வட்டமாகத் தட்டி நான்காக வெட்டுவது வழக்கம்.

பிற்காலத்தில் ஸ்கோனை உயரச் செய்தது சமையல் சோடா. பண்ணை வீடுகளில் வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் மோர் ஏராளமாக இருந்தது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் மாவு பொங்கும் என்பது அறியப்பட்டது. 1843இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பிரட் பேர்டு என்ற மருந்து வேதியியலாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1845இல் பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ், பொங்கும் பொருளை முன்பே கலந்து வைத்த 'செல்ஃப் ரைசிங்' மாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சாதாரண வீட்டுப் பெண்ணும் ஈஸ்ட்டுக்காகக் காத்திருக்காமல் அரை மணி நேரத்தில் சூடான ரொட்டி வகை ஒன்றைச் செய்ய முடிந்தது.

இதே நூற்றாண்டில்தான் மாலைத் தேநீர்ப் பழக்கமும் பரவியது. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா அதைத் தொடங்கி வைத்தார் என்று சொல்வார்கள். மாளிகைகளில் தொடங்கிய பழக்கம் மெல்ல மெல்ல எல்லா வீடுகளுக்கும் வந்தது. ஸ்கோன் அந்தத் தட்டில் நிரந்தர இடம் பிடித்தது. பக்கத்தில் இருக்கும் கோப்பையில் நம் வரலாறும் கலந்திருக்கிறது. 1867இல் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக முறையில் தேயிலை பயிரிடத் தொடங்கியபின், அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே. ஆகவே ஸ்கோனும் தேநீரும் வைத்த மேசை நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல.

எளியவர்களின் பலகாரம்

விலையுயர்ந்த ஓட்டல்களில் வெள்ளித் தட்டில் பார்த்துவிட்டு, இது செல்வந்தர் உணவு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றுக்குப் பங்கீடு வந்தது. பங்கீட்டு முறை முற்றிலும் நீங்கியது 1954இல்தான். பெரும்பாலான காலம் ஓர் ஆளுக்கு வாரத்துக்குக் கிடைத்த வெண்ணெய் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். கீழே நாம் சொல்லப்போகும் அளவில் ஒருமுறை ஸ்கோன் சுட ஏறக்குறைய அவ்வளவு வெண்ணெய் வேண்டும். ஒருவரின் முழு வாரப் பங்கு!

அப்போதும் அந்த வீடுகள் ஸ்கோன் சுடுவதை நிறுத்தவில்லை. வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போட்டார்கள். புளித்துப்போன பாலைக் கொட்டாமல் மாவில் ஊற்றினார்கள். மாவு குறைந்தால் அவித்து மசித்த உருளைக்கிழங்கைச் சேர்த்தார்கள். மகளிர் சங்கங்கள் கூடி, தோட்டத்துப் பழங்கள் வீணாகாமல் ஜாம் காய்ச்சின. அதற்கென்றே அரசு சர்க்கரை ஒதுக்கிக் கொடுத்தது. வீண்விரயம் செய்யாமல் இருப்பதைப் பொங்கிய பால் முதல் மிஞ்சிய சோறு வரை நம் உம்மாமார்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அதே ஒழுக்கம் இந்தப் பலகாரத்துக்குள்ளும் இருக்கிறது.

மாவுக்குள் நடப்பது என்ன?

மூன்று விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, கோதுமை மாவின் பசைத்தன்மை. கோதுமையில் உள்ள புரதம் ஈரத்தோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்ற இழைகளாக மாறுகிறது. பிசையப் பிசைய இழை வலுக்கும். பரோட்டாவை வீசி விரிக்க அந்த வலு வேண்டும். ஸ்கோனுக்கு அதுவே எதிரி. இழை வலுத்தால் மாவு இறுகி, மேலே எழ மறுக்கும். அந்தச் சகோதரியின் ஸ்கோன் கல்லானது இதனால்தான்.

இரண்டாவது, வெண்ணெயின் குளிர்ச்சி. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு பிசிறும்போது அது மாவுத் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, ஈரம் உள்ளே போவதைக் குறைக்கிறது. குளூட்டன் குறைவாக உருவாகிறது. கரையாமல் எஞ்சிய சிறு வெண்ணெய்த் துணுக்குகள் ஓவனின் சூட்டில் உருகும்போது, அவை இருந்த இடங்களில் சிறு இடைவெளிகள் உண்டாகின்றன. பிட்டால் உதிரும் தன்மை அங்கிருந்துதான் வருகிறது. வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் இந்த இரண்டு பலனும் போய்விடும்.

மூன்றாவது, பேக்கிங் பவுடர். அதில் சமையல் சோடா என்ற காரமும், ஓர் அமிலப் பொடியும், இரண்டும் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் காக்கச் சிறிது மாச்சத்தும் இருக்கின்றன. பால் பட்டவுடனே காரமும் அமிலமும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு வாயு வெளிவரத் தொடங்கும். ஓவனின் சூட்டில் மேலும் வரும். அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. பால் ஊற்றிவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனால் வாயுவில் ஒரு பங்கு வீணாகிவிடும். எனவே ஓவன் முதலில் சூடாக வேண்டும், பால் கடைசியில்தான் ஊற்ற வேண்டும்.

தேவையான பொருட்கள் (7 அல்லது 8 ஸ்கோன்களுக்கு)

- செல்ஃப் ரைசிங் மாவு: 225 கிராம்
- பேக்கிங் பவுடர்: 1 தேக்கரண்டி
- உப்பு: ஒரு சிட்டிகை
- குளிர்ந்த வெண்ணெய்: 55 கிராம்
- சர்க்கரை: 25 கிராம்
- குளிர்ந்த பால்: 130 முதல் 150 மில்லி வரை
- விரும்பினால் உலர்திராட்சை: 50 கிராம்
- மேலே பூச: சிறிது பால், அல்லது அடித்த முட்டை

செல்ஃப் ரைசிங் மாவு இல்லையென்றால் சாதாரண மைதா மாவு 225 கிராமுடன் பேக்கிங் பவுடரை 3 தேக்கரண்டியாக்கிக் கொள்ளுங்கள். ரொட்டி சுடுவதற்கென்று விற்கும் 'ஸ்ட்ராங்' மாவு வேண்டாம். அதில் புரதம் அதிகம், இறுகிப் போகும். வீட்டில் சப்பாத்தி மாவு மூட்டையாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: பாதி அளவுவரை கலக்கலாம். அது அதிக ஈரம் குடிக்கும் என்பதால் பால் சற்றுக் கூடுதலாக வேண்டும். அவ்வளவாக உயராது என்றாலும் சுவையாக இருக்கும். கலக்கும் சப்பாத்தி மாவின் ஒவ்வொரு 100 கிராமுக்கும் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலாகச் சேர்க்க மறவாதீர்கள்.

பாலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் வைத்தால் லேசாகத் திரியும். அது பழைய பண்ணை வீட்டு மோரின் இடத்தை நிரப்பும். புளிப்பில்லாத கெட்டி மோர் இருந்தால் அதையே ஊற்றலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வெண்ணெயில் சுட்டால் நமக்குக் கவலை இல்லை. மார்ஜரின் வாங்கினால் உறையைப் படியுங்கள். இ 471 என்று குறிக்கப்படும் பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். சைவ உணவு என்ற குறி இருந்தால் ஐயம் நீங்கும். சில பழைய குறிப்புகளில் பன்றிக் கொழுப்பு சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் அதே எடை வெண்ணெய் போட்டால் போதும். வெனிலா எசன்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும். ஸ்கோனுக்கு வெனிலா தேவையே இல்லை. சீஸ் ஸ்கோன் செய்பவர்கள், கன்றின் வயிற்றுச் சுரப்பு சேராத, சைவக் குறியிட்ட சீஸை வாங்கலாம்.

செய்முறை

1. ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவனுக்கு 200 டிகிரி, கேஸ் ஓவனுக்கு எண் 7. உள்ளே ஒரு தட்டையும் வைத்துச் சூடாக்கினால் அடிப்பாகம் நன்றாக வேகும்.

2. அகன்ற பாத்திரத்தில் மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்துக் கலக்குங்கள்.

3. வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி மாவில் போடுங்கள். கைகளைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனிகளால் மட்டும் பிசிறுங்கள். மாவை அள்ளி உயர்த்தி, கட்டைவிரலால் மற்ற விரல்களின் மேல் உரசி, உதிரவிட வேண்டும். புட்டு மாவு பிசிறும் அதே அசைவு. உள்ளங்கை படக்கூடாது, அதன் சூடு வெண்ணெயை உருக்கிவிடும். ரவையும் ரொட்டித் தூளும் கலந்தது போல ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

4. சர்க்கரையையும் உலர்திராட்சையையும் சேர்த்துக் கிளறுங்கள்.

5. நடுவில் குழி செய்து பாலில் முக்கால் பங்கை ஊற்றுங்கள். கையை எடுத்துவிட்டு, மேசைக் கத்தி ஒன்றால் வெட்டுவது போல விரைவாகக் கலக்குங்கள். அடியில் உலர்ந்த மாவு தெரிந்தால் மட்டும் மீதிப் பாலைச் சிறிது சிறிதாக விடுங்கள். மாவு சற்று ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டவே இல்லையென்றால் பால் போதவில்லை.

6. மேசையில் மாவு தூவி, கலவையைக் கொட்டுங்கள். நான்கைந்து முறை மட்டும் மடித்து ஒன்றுசேருங்கள். வழவழப்பாக வரவேண்டும் என்று பார்க்காதீர்கள். மேற்பரப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதே சரி. இந்த இடத்தில்தான் நம் கை பிசையத் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

7. உருட்டுக்கட்டை வேண்டாம். கையால் மெல்லத் தட்டி 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிப்பில் பரப்புங்கள். மெல்லியதாகத் தட்டினால் ஓவன் அதை உயர்த்தித் தராது.

8. 5 சென்டிமீட்டர் வட்ட அச்சு, அல்லது விளிம்பு மெல்லிய டம்ளர் ஒன்றை மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி நேராக மேலே எடுங்கள். திருகக்கூடாது. திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். மீந்த துண்டுகளை அடுக்கி மறுபடி தட்டி வெட்டுங்கள். மாவே மிஞ்சாமல் இருக்க வேண்டுமானால், வட்டத்துக்குப் பதில் சதுரமாகக் கத்தியால் வெட்டிவிடலாம்.

9. சூடான தட்டில் மாவு தூவி, ஸ்கோன்களை நெருக்கமாக அடுக்குங்கள். அக்கம்பக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி உயரும். பால் அல்லது முட்டையை மேல் பக்கத்தில் மட்டும் பூசுங்கள். ஓரத்தில் வழிந்தால் அது பசையாகி, எழவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

10. மேல்தட்டில் வைத்து 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். மேலே பொன்னிறமும், திருப்பிப் பார்த்தால் அடியில் வெளிர்ப் பழுப்பும் இருந்தால் வெந்துவிட்டது. கம்பி வலையில் எடுத்து ஆற விடுங்கள். மேல்புறம் மென்மையாக வேண்டுபவர்கள் சுத்தமான துணியால் மூடி வைக்கலாம்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். பிசிறுவதும் அச்சு வெட்டுவதும் அவர்களுக்கு விளையாட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: வேகாத மாவை வாயில் போட விடாதீர்கள். முட்டை சேராவிட்டாலும் பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும். ஓவன் கதவைத் திறப்பது பெரியவர்களின் வேலை.

தவறு எங்கே நேர்ந்தது?

கல்லாக இறுகியிருந்தால்: அதிகம் பிசைந்துவிட்டீர்கள், அல்லது பால் குறைந்துவிட்டது.

தட்டையாகவே இருந்தால்: மெல்லியதாகத் தட்டியிருப்பீர்கள், ஓவன் முழுச் சூட்டை எட்டியிருக்காது, அல்லது பேக்கிங் பவுடர் பழையதாகியிருக்கும். ஒரு தேக்கரண்டி பவுடரில் சிறிது வெந்நீர் விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் நல்லது. இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

ஒருபக்கம் சாய்ந்திருந்தால்: அச்சைத் திருகியிருப்பீர்கள், அல்லது பூச்சு ஓரத்தில் வழிந்திருக்கும்.

வாயில் சோடாக் கசப்புத் தெரிந்தால்: பவுடர் அளவுக்கு மீறிவிட்டது. மட்டமாகத் தட்டிய தேக்கரண்டி அளவே சரி. குவித்த தேக்கரண்டி அல்ல.

நடுவில் மாவாக இருந்தால்: வெளியே நிறம் வந்ததைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். அடிப்பாகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன சகோதரி இரண்டாம் முறை எங்கள் முன்னிலையிலேயே செய்தார். பால் ஊற்றியபின் இரண்டு நிமிடத்துக்குள் மாவு ஓவனுக்குள் போய்விட்டது. "ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கிறதே!" என்றார். பதினான்காவது நிமிடத்தில் திறந்தபோது இருமடங்கு உயர்ந்து, நடுவில் வெடிப்போடு நின்றன. அந்த வெடிப்பு குறையல்ல. அதில் விரல் வைத்துப் பிரித்தால் ஸ்கோன் இரண்டாகப் பிளக்கும், கத்தி வேண்டாம்.

பரிமாறும் முறை

பிளந்த இரு பாதிகளிலும் ஜாமும், 'கிளாட்டட் கிரீம்' என்ற கெட்டிப் பாலேடும் வைத்துத் தேநீருடன் உண்பது இந்நாட்டு வழக்கம். பாலேட்டை மெதுவாகச் சூடாக்கி, ஆடை படிய வைத்து எடுப்பதே அந்தக் கிரீம். கார்ன்வால் வகைக் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. டெவன் மாவட்டத்தார் முதலில் கிரீமும் அதன்மேல் ஜாமும் வைப்பார்கள்; பக்கத்துக் கார்ன்வால் மாவட்டத்தார் முதலில் ஜாமும் அதன்மேல் கிரீமும் வைப்பார்கள். விருந்தினர் எந்த ஊர் என்று தெரியாவிட்டால் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வாதம் வராது. பெயரைச் சொல்வதிலும் இரு கட்சி உண்டு: சிலர் குறுக்கி 'ஸ்கொன்' என்பார்கள், சிலர் நீட்டி 'ஸ்கோன்' என்பார்கள். இரண்டும் சரியே.

கிரீம் கட்டாயம் அல்ல. வெறும் வெண்ணெய் தடவினாலும் நன்றாக இருக்கும். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால், சர்க்கரையை நீக்கி 75 கிராம் துருவிய சீஸும் சிறிது மிளகுத் தூளும் சேர்த்துச் சுடலாம். ஆனாலும் வெள்ளை மாவே இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறக்க வேண்டாம். பாதி முழுக் கோதுமை மாவு, ஒரு வேளைக்கு ஒன்று, ஜாம் இல்லாமல் என்பது நல்ல எல்லை.

ஸ்கோன் சுட்ட அன்றே தின்ன வேண்டியது. மறுநாள் உலர்ந்துவிடும். மிஞ்சினால் அன்றே உறைபெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் எடுத்து, மிதமான ஓவனில் சில நிமிடம் சூடாக்கினால் புதிது போல ஆகும். வெட்டிய பச்சை மாவையும் அப்படியே உறைய வைக்கலாம். சுடும்போது சில நிமிடம் கூடுதலாக வேண்டும். நோன்புக் காலத்தில் முன்கூட்டியே செய்து வைக்க இது உதவும்.

பிறருக்குக் கொடுக்கும்போது

இது மிக முக்கியமான பகுதி. நமக்குச் சாதாரணமாக இருக்கும் ஓர் உணவு, ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளைக்கு உயிராபத்து ஆகலாம். பிரிட்டனில் சட்டப்படி குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. ஸ்கோனில் அவற்றுள் கோதுமை, பால் இரண்டும் நிச்சயம் உண்டு. முட்டை பூசினால் மூன்று. உலர்பழங்கள் சிலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் அந்தப் பட்டியலில் உள்ளதே. அதே மேசையில் பாதாமோ எள்ளோ கையாண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆகவே யாருக்கு அனுப்பினாலும் சேர்த்த எல்லாப் பொருட்களையும் ஒரு சிறு தாளில் எழுதித் தட்டோடு வையுங்கள். "கொஞ்சம்தான் போட்டேன்" என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

எப்போதாவது ஒருமுறை பள்ளி விற்பனைக்குச் சுட்டுக் கொடுப்பவர்கள் பொதுவாக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தொடர்ந்து விற்று வருமானம் தேட நினைப்பவர்கள், தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் உள்ளூராட்சி மன்றத்தில் உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவை மறுக்கவும் மாட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. செய்த இடத்திலேயே பொதியிட்டு விற்கும் உணவின் மேல், பொருட்களின் முழுப் பட்டியலையும், ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படியும் அச்சிட வேண்டும் என்பது 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். உறையில் குறிப்பிடாத எள்ளால் ஒவ்வாமை ஏற்பட்டு 2016இல் இறந்த நத்தாஷா என்ற சிறுமியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்தப் பெற்றோரின் முயற்சியால் வந்த சட்டம் இது. நாம் எழுதும் ஒரு சிறு தாளின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிரீம் வைத்துப் பரிமாறுவதானால், அதைக் கடைசி நேரத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை மறுபடி வைக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

நினைவில் கொள்ள

வெண்ணெயும் பாலும் குளிர்ச்சியாக, ஓவன் சூடாக. பிசையாமல் பிசிறுங்கள். தடிப்பாகத் தட்டுங்கள், நேராக வெட்டுங்கள், திருகாதீர்கள். பால் ஊற்றியபின் தாமதிக்காதீர்கள். பொருட்களின் பட்டியலை எழுதி வையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் ஒருமுறை மேற்சொன்ன அளவில் சுட்டுப் பாருங்கள். மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நான்கு முறை மட்டும் மடித்தும், மற்றப் பாதியை ஐந்து நிமிடம் பிசைந்தும், ஒரே தட்டில் வைத்துச் சுடுங்கள். பிளந்து பார்த்தால் இந்தப் பாடம் கண்ணால் விளங்கும். கடினமாக வந்த பாதியையும் வீணாக்க வேண்டாம். உதிர்த்துச் சூடான பாலில் ஊறவைத்தால் காலை உணவாகும்.

அந்தச் சகோதரி அன்று சுட்டவற்றில் நான்கைத் துணியால் மூடி, பொருட்களின் பட்டியலோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாராம். மூன்று ஆண்டுகளாகத் தலையசைப்போடு நின்றுபோன பழக்கம் அது. மூதாட்டி ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "என் அம்மா சுட்டதைப் போல இருக்கிறது; உப்புதான் இன்னும் ஒரு சிட்டிகை வேண்டும்" என்று சொல்லி உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தாராம். மறுவாரம் சகோதரி உப்பைச் சரிசெய்து மீண்டும் போனார். உங்கள் தட்டும் அப்படிச் சூடு ஆறுமுன் ஒரு கதவைத் தட்டட்டும்.